மோல் கணக்கு: எடை போட்டு அணுக்களை எண்ணுவது எப்படி?

வேதியியல் படிக்கத் தொடங்கியவர்களில் பலர் முதலில் தடுமாறுவது மோல் என்ற இடத்தில்தான். அணு, மூலக்கூறு, சமன்பாடு எல்லாம் புரிந்த மாதிரியே போய்க்கொண்டிருக்கும். திடீரென்று 6.022 × 10²³ என்று ஒரு எண் வந்து நிற்கும். அதற்குப் பிறகு எங்கே வகுப்பது, எங்கே பெருக்குவது என்ற குழப்பம். முக்கோணம் போட்டு, மேலே ஒரு எழுத்து கீழே இரண்டு எழுத்து என்று சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வைத் தாண்டிவிடலாம். ஆனால் அடுத்த ஆண்டு கரைசல், வாயு, தரம் பார்த்தல் என்று வரும்போது அந்த முக்கோணம் கைகொடுக்காது. மோல் என்பது என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை தெளிவாகப் புரிந்துவிட்டால் முக்கோணமே தேவைப்படாது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

கையில் வேண்டியவை: ஒரு தனிம வரிசை அட்டவணை, ஒரு கால்குலேட்டர், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதும் பொறுமை. கடைசியில் சொன்னதுதான் முக்கியம்.

மோல் எதற்காக?

வேதிச் சமன்பாடு எண்ணிக்கைக் கணக்கு. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்தால் இரண்டு நீர் மூலக்கூறுகள் கிடைக்கும் என்கிறது. அதில் எடை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆய்வகத்தில் இருக்கும் தராசுக்கோ எண்ணிக்கை தெரியாது, கிராம் மட்டும்தான் தெரியும். ஒன்று எண்ணிக்கை, இன்னொன்று எடை. இந்த இரண்டையும் இணைக்க நடுவில் ஒன்று வேண்டும். அதுதான் மோல்.

ஐயாயிரம் ஆணி தேவை என்றால் யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு உட்கார மாட்டார்கள். நூறு ஆணியின் எடையைப் பார்ப்பார்கள், ஐம்பதால் பெருக்குவார்கள், அந்த எடைக்கு அள்ளித் தராசில் போடுவார்கள். வேதியியலில் செய்வதும் இதேதான். அணு மிகமிகச் சிறியது என்பதால் நூறு, ஆயிரம் என்ற கட்டுகள் போதாது. தராசில் தெரியும் அளவுக்கு ஒரு பெரிய கட்டு வேண்டும். அந்தக் கட்டின் பெயர் மோல். ஒரு கட்டில் இருப்பவை 6.02214076 × 10²³. நம் வழக்கில் சொன்னால், சுமார் 602 கோடி கோடி கோடி.

இவ்வளவு விசித்திரமான எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு கார்பன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணுவைப்போல் சுமார் 12 மடங்கு கனம். அப்படியானால் 1 கிராம் ஹைட்ரஜனையும் 12 கிராம் கார்பனையும் எடுத்தால் இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். கந்தக அணு சுமார் 32 மடங்கு கனம் என்றால் 32 கிராம் கந்தகத்திலும் அதே எண்ணிக்கை. செம்பு 63.5 கிராம் எடுத்தாலும் அதேதான். இந்த வரியில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எத்தனை அணுக்கள் என்று தெரியாமலேயே, எல்லாவற்றிலும் சமமாக இருக்கின்றன என்று சொல்லிவிட முடிகிறது. மோல் கணக்கின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 6.022 × 10²³ என்பது பின்னால் வந்த விவரம்.

வரலாறும் இதே வரிசையில்தான் நடந்தது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியரான அவகாட்ரோ 1811இல் சொன்னார். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் இன்னொரு இத்தாலியரான கன்னிசாரோ அதை எடுத்து வாதாடிய பிறகுதான் அணு நிறைகளைப் பற்றிய குழப்பம் விலகத் தொடங்கியது. அவகாட்ரோ 1856இலேயே இறந்துவிட்டார். தன் பெயரால் வழங்கும் எண் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. 1909இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெர்ரன்தான் அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். பல வழிகளில் அதை அளந்தும் காட்டினார். அதற்குள் வேதியியலாளர்கள் எண் தெரியாமலேயே பல பத்தாண்டுகள் சரியாகக் கணக்குப் போட்டு முடித்திருந்தார்கள்.

1971இல் மோல் பன்னாட்டு அலகு முறையின் அடிப்படை அலகுகளில் ஒன்றானது. 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்பது அப்போதைய வரையறை. 2019 மே 20 முதல் நேராக அந்த எண்ணையே வரையறையாக வைத்துவிட்டார்கள். நாம் போடும் கணக்குகளில் இதனால் எந்த வேறுபாடும் வராது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

முதல் படி: எதன் மோல் என்று கேளுங்கள்

"1 மோல் ஆக்சிஜன் எத்தனை கிராம்?" என்று கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள். ஆக்சிஜன் அணுக்கள் என்றால் 16 கிராம். காற்றில் இருப்பதுபோல் இரண்டிரண்டாகச் சேர்ந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் என்றால் 32 கிராம். மோல் ஒரு எண்ணிக்கை. எதை எண்ணுகிறோம் என்று சொல்லாத எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

கால்சியம் குளோரைடில் ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு குளோரைடு அயனிகள். ஆகவே 1 மோல் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்தால் 1 மோல் கால்சியம் அயனி, 2 மோல் குளோரைடு அயனி, மொத்தம் 3 மோல் அயனிகள். ஒரே பொருள்தான், கேள்வி மாறினால் விடை மாறும். "0.05 மோல்" என்று மட்டும் எழுதும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். "0.05 மோல் சோடியம் பைகார்பனேட்" என்று முழுதாக எழுதுங்கள். நேரம் பிடிக்கும்தான். பாதித் தவறுகள் இந்த ஒரு பழக்கத்தாலேயே காணாமல் போகும்.

இரண்டாம் படி: மோலார் நிறை

தனிம வரிசை அட்டவணையில் ஒவ்வொரு தனிமத்தின் பெட்டியிலும் இரண்டு எண்கள் இருக்கும். முழு எண்ணாக இருப்பது அணு எண். அது இங்கே வேண்டாம். புள்ளி வைத்து இருப்பது ஒப்பு அணு நிறை. அதோடு "கிராம்/மோல்" என்று சேர்த்துப் படித்தால் அதுவே மோலார் நிறை. கார்பன் 12.011 கிராம்/மோல், சோடியம் 22.990 கிராம்/மோல்.

குளோரின் ஏன் 35.45 என்று பாதியில் நிற்கிறது என்று சிலருக்குத் தோன்றும். இயற்கையில் கிடைக்கும் குளோரினில் நிறை எண் 35 கொண்ட ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணுவகை) சுமார் முக்கால் பங்கு, 37 கொண்டது சுமார் கால் பங்கு. தராசில் வைக்கும்போது கலவையாகத்தான் வைக்கிறோம். அதனால் சராசரியைப் பயன்படுத்துகிறோம்.

சேர்மம் என்றால் கூட்டிக்கொள்ள வேண்டும். சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டை எடுப்போம். ஒரு சோடியம், ஒரு ஹைட்ரஜன், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன்.

22.990 + 1.008 + 12.011 + (3 × 15.999) = 84.006 கிராம்/மோல்

வாய்பாட்டில் அடைப்புக்குறி இருந்தால் கவனம் தேவை. கால்சியம் ஹைட்ராக்சைடில் அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் 2, உள்ளே இருக்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டுக்கும் பொருந்தும்.

மூன்றாம் படி: கிராமும் மோலும்

இப்போது 4.20 கிராம் சோடியம் பைகார்பனேட் இருக்கிறது. எத்தனை மோல்? 84.0 கிராம் இருந்தால் ஒரு மோல். நம்மிடம் இருப்பது அதைவிடக் குறைவு. அப்படியானால் விடை ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துவிட்டது.

4.20 கிராம் ÷ 84.0 கிராம்/மோல் = 0.0500 மோல்

வகுப்பதா பெருக்குவதா என்ற சந்தேகத்துக்கு அலகே பதில் சொல்லும். கிராமை கிராம்/மோலால் வகுத்தால் கிராம் அடிபட்டு மோல் மிஞ்சும். பெருக்கிப் பார்த்தால் "கிராம் × கிராம்/மோல்" என்று அர்த்தமில்லாத ஒன்று வரும். அலகு தவறாக வந்தால் எண்ணும் தவறுதான், மேலே போகாமல் நிறுத்திவிடுங்கள்.

மோலிலிருந்து கிராமுக்கு வர வேண்டுமானால் மோலார் நிறையால் பெருக்க வேண்டும். துகள்களின் எண்ணிக்கை வேண்டுமானால் அவகாட்ரோ எண்ணால் பெருக்க வேண்டும்: 0.0500 மோல் × 6.022 × 10²³ = 3.01 × 10²². உண்மையைச் சொன்னால், ஆய்வகத்தில் இந்தக் கடைசிக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. தொடக்கப் பாடங்களில் அவகாட்ரோ எண்ணுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை மோலார் நிறைக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அளவு எவ்வளவு என்று மனதில் பதிய ஒன்று: 1 மோல் தண்ணீர் சுமார் 18 கிராம், அதாவது ஏறக்குறைய 18 மி.லி. ஒரே மடக்கில் குடித்துவிடலாம்.

நான்காம் படி: சமன்பாட்டின் வழியே

கணக்குகளில் மிகுதியாகக் கேட்கப்படுவது இதுதான். இவ்வளவு கிராம் போட்டால் எவ்வளவு கிராம் கிடைக்கும்? கிராமிலிருந்து கிராமுக்கு நேர்வழி கிடையாது. கிராமை மோலாக்கி, சமன்பாட்டின் விகிதத்தால் அடுத்த பொருளின் மோலுக்குப் போய், அதைத் திரும்பக் கிராமாக்க வேண்டும். சமன்பாட்டில் உள்ள எண்கள் மோலுக்கு மட்டுமே பொருந்தும். அவற்றைக் கிராமோடு பெருக்கினால் எல்லாம் கெட்டுவிடும்.

அதே 4.20 கிராம் சமையல் சோடாவை ஒரு பீங்கான் மூசையில் போட்டு நன்றாகச் சூடாக்குகிறோம். நடக்கும் வினை:

2 சோடியம் பைகார்பனேட் → 1 சோடியம் கார்பனேட் + 1 நீர் + 1 கார்பன் டை ஆக்சைடு

நம்மிடம் இருப்பது 0.0500 மோல் சோடியம் பைகார்பனேட். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். ஆகவே சோடியம் கார்பனேட் 0.0250 மோல் கிடைக்கும். அதன் மோலார் நிறை 105.99 கிராம்/மோல். பெருக்கினால் 2.65 கிராம்.

இத்தோடு நிறுத்தாமல் மற்ற இரண்டையும் பாருங்கள். நீர் 0.0250 மோல், அதாவது 0.45 கிராம். கார்பன் டை ஆக்சைடு 0.0250 மோல், 1.10 கிராம். மூன்றையும் கூட்டினால் 2.65 + 0.45 + 1.10 = 4.20 கிராம். போட்டது அப்படியே திரும்பி வந்துவிட்டது. மோல்களைக் கூட்டினால் 0.0500 என்று தொடங்கியது 0.0750 ஆகிறது. மோல் எண்ணிக்கை கூடலாம், குறையலாம்; மொத்த நிறை மாறாது. கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இப்போது ஆய்வக மேசைக்கு வருவோம். சூடாக்கி, ஆறவிட்டு எடை போட்டால் மூசையில் 2.80 கிராம் இருக்கிறது. எதிர்பார்த்தது 2.65. 1.55 கிராம் பறந்து போயிருக்க வேண்டிய இடத்தில் 1.40 கிராம்தான் போயிருக்கிறது. கணக்கு தப்பு என்று நினைக்க வேண்டாம், வினை முடியவில்லை என்று பொருள். மறுபடியும் சூடாக்கி, ஆறவிட்டு, எடை பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை இப்படிச் செய்வதுதான் முறை. சூடான மூசையை அப்படியே தராசில் வைக்கக் கூடாது. சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழுவதால் தராசு குறைத்துக் காட்டும். ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: எது முதலில் தீரும்?

இரண்டு பொருள்களின் அளவும் கொடுத்திருந்தால் எது முதலில் தீர்கிறதோ அதுதான் விளைபொருளின் அளவைத் தீர்மானிக்கும். பாடநூலில் இதை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பார்கள்.

1.20 கிராம் மெக்னீசியம் நாடாவை 50.0 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறோம். அமிலத்தின் செறிவு லிட்டருக்கு 1.00 மோல். மெக்னீசியம் 1.20 ÷ 24.305 = 0.0494 மோல். அமிலம் 0.0500 லிட்டர் × 1.00 = 0.0500 மோல். பார்த்தவுடன் இரண்டும் கிட்டத்தட்ட சமம், மெக்னீசியம்தான் ஒரு துளி குறைவு, ஆகவே அதுதான் முதலில் தீரும் என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் சறுக்கல். சமன்பாட்டின்படி ஒரு மெக்னீசியம் அணுவுக்கு அமிலம் இரண்டு வேண்டும், அப்போது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளிவரும். 0.0494 மோல் மெக்னீசியம் முழுவதும் கரைய 0.0988 மோல் அமிலம் தேவை. இருப்பதோ 0.0500. தீரப்போவது அமிலம்.

மோல்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றையும் சமன்பாட்டில் அதற்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். மெக்னீசியம் 0.0494 ÷ 1 = 0.0494. அமிலம் 0.0500 ÷ 2 = 0.0250. சிறியது எதுவோ அதுதான் கட்டுப்படுத்துவது. ஹைட்ரஜன் வாயு 0.0250 மோல் வெளிவரும். மெக்னீசியம் 0.0244 மோல், சுமார் 0.59 கிராம், அப்படியே மிஞ்சிக் கிடக்கும். குமிழிகள் நின்ற பிறகும் குடுவையின் அடியில் உலோகம் தெரிகிறதென்றால் காரணம் இதுதான். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு. இதைச் செய்து பார்ப்பவர்கள் பக்கத்தில் சுடர் இல்லாமல், கண்ணாடி அணிந்து, ஆசிரியர் இருக்கும்போது செய்யுங்கள்.

வாயு என்றால் 22.4 தானா?

பலரும் 22.4 லிட்டர் என்ற எண்ணை எங்கு பார்த்தாலும் போட்டுவிடுகிறார்கள். அது 0 டிகிரி செல்சியஸிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு மோல் வாயு அடைக்கும் பருமன். வேதியியலுக்கான பன்னாட்டு அமைப்பான ஐயூபேக் 1982இல் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. அதன்படி 22.7 லிட்டர். 25 டிகிரியில், 1 வளிமண்டல அழுத்தத்தில் 24.5 லிட்டர். எந்த நிலை என்று கேள்வியில் சொல்லியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மேலே வந்த 0.0250 மோல் ஹைட்ரஜன் 25 டிகிரியில் சுமார் 0.61 லிட்டர், 0 டிகிரியில் 0.56 லிட்டர். திரவத்துக்கும் திண்மத்துக்கும் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது.

கரைசல்: கணக்கும் கையும்

ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறதோ அது மோலாரிட்டி; லிட்டருக்கு ஒரு மோல் என்றால் 1 மோலார். ஒரு லிட்டர் கரைசலில் என்றுதான் சொல்கிறோம், ஒரு லிட்டர் தண்ணீரில் என்று அல்ல.

250 மி.லி. காப்பர் சல்பேட் கரைசல், 0.100 மோலார் அளவில் தயாரிக்க வேண்டும். 0.250 லிட்டர் × 0.100 மோல்/லிட்டர் = 0.0250 மோல். சரி, எத்தனை கிராம்? இங்கே புட்டியின் லேபிளைப் படிக்காமல் அடுத்த வரி எழுதக் கூடாது. நீல நிறப் படிகமாக இருந்தால் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; மோலார் நிறை 249.68. நீரற்ற வெள்ளைத் தூள் என்றால் 159.61. நீலப் படிகத்துக்கு 0.0250 × 249.68 = 6.24 கிராம். 159.61 என்று போட்டுக் கணக்கிட்டு 3.99 கிராம் நீலப் படிகத்தை எடுத்துவிட்டால் கரைசல் 0.100க்குப் பதில் 0.064 மோலார்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பார்வைக்கு அதே அழகான நீலமாகத்தான் இருக்கும் என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது.

இனி கை வேலை. சிறு பீக்கரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். படிகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 6.24க்குக் கொண்டுவாருங்கள். 6.27 வந்துவிட்டால் பதறி எடுக்க வேண்டியதில்லை. வந்த எண்ணை எழுதிக்கொண்டு உண்மையான செறிவைக் கணக்கிட்டால் போதும். அதே பீக்கரில் சுமார் 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர் விட்டு, கண்ணாடிக் கம்பியால் கலக்கி முழுவதும் கரையுங்கள். பிறகு புனல் வைத்து 250 மி.லி. அளவுக் குடுவைக்கு மாற்றுங்கள். நீண்ட கழுத்தில் ஒரே ஒரு கோடு உள்ள குடுவை அது. பீக்கரின் சுவரிலும் கம்பியிலும் ஒட்டியிருப்பது நாம் கணக்குப் பார்த்து எடுத்த மோலின் ஒரு பகுதி, அதை விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று முறை கொஞ்சம் நீர் விட்டுக் கழுவி அந்த நீரையும் குடுவையிலேயே ஊற்றுங்கள்.

கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரும்வரை நீர் விட்டு நிறுத்துங்கள். அப்புறம் சொட்டுக்குழாயால் சொட்டுச் சொட்டாக. கண்ணைக் கோட்டுக்கு நேராக வையுங்கள். நீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்து இருக்கும். அந்தக் குழிவின் அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் அளவு தப்பும். கோட்டைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் எடுத்துக் கொட்டிச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் கொட்டும் நீரோடு கரைபொருளும் போய்விடும். முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி. சரியாக வந்ததும் மூடியைப் பிடித்துக்கொண்டு பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் அடியில் அடர்த்தியாகவும் மேலே நீர்த்தும் இருக்கும்.

நீர்க்கச் செய்வது இதைவிட எளிது. தண்ணீர் சேர்த்தால் பருமன்தான் கூடும், மோல் மாறாது. 1.00 மோலார் கரைசலில் 25.0 மி.லி. எடுத்தால் அதில் 0.0250 மோல் இருக்கிறது, 250 மி.லி. ஆக்கினால் 0.100 மோலார். செறிந்த அமிலமாக இருந்தால் அமிலத்தை நீரில் மெதுவாக ஊற்றுங்கள். நீரை அமிலத்தில் ஊற்றினால் வெப்பத்தால் கொதித்துத் தெறிக்கும்.

தரம் பார்த்தலில் ஒரு பொறி

செறிவு தெரிந்த கரைசலை வைத்துத் தெரியாத கரைசலின் செறிவை அளப்பதுதான் தரம் பார்த்தல். 25.0 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை நடுநிலையாக்க 0.100 மோலார் கந்தக அமிலம் 20.0 மி.லி. செலவானது. காரத்தின் செறிவு என்ன? செறிவு × பருமன் இரு பக்கமும் சமம் என்ற சூத்திரத்தை அப்படியே போட்டால் 0.080 மோலார் என்று வரும். தவறு. அந்தச் சூத்திரம் நீர்க்கச் செய்வதற்கும், ஒன்றுக்கு ஒன்று வினைபுரியும் பொருள்களுக்கும்தான் பொருந்தும். கந்தக அமிலம் ஒன்றுக்குக் காரம் இரண்டு வேண்டும்.

மோல் வழியே போனால் தடுமாற்றமே இல்லை. அமிலம் 0.0200 × 0.100 = 0.00200 மோல். காரம் அதன் இரு மடங்கு, 0.00400 மோல். 0.0250 லிட்டரால் வகுத்தால் 0.160 மோலார்.

சோடியம் ஹைட்ராக்சைடை எடை போட்டே துல்லியமான கரைசல் தயாரித்திருக்கலாமே என்று கேட்கலாம். அதன் வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். தராசு காட்டும் கிராமில் எவ்வளவு சோடியம் ஹைட்ராக்சைடு என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஆக்சாலிக் அமிலப் படிகம் போன்ற, காற்றில் அதிகம் மாறாத ஒன்றைத் துல்லியமாக எடை போட்டுக் கரைத்து, அதை வைத்துக் காரத்தின் செறிவை அளக்கிறார்கள்.

சதவீதத்திலிருந்து வாய்பாடு

மோலின் இன்னொரு பயன், தெரியாத சேர்மத்தின் வாய்பாட்டைக் கண்டுபிடிப்பது. ஒரு இரும்பு ஆக்சைடில் இரும்பு 69.9 சதவீதம், ஆக்சிஜன் 30.1 சதவீதம் என்று பகுப்பாய்வு சொல்கிறது. 100 கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் இரும்பு 69.9 ÷ 55.845 = 1.25 மோல், ஆக்சிஜன் 30.1 ÷ 15.999 = 1.88 மோல். சிறியதால் இரண்டையும் வகுத்தால் 1 : 1.50. இந்த 1.50ஐ 2 என்று முழுமையாக்கிவிடுபவர்கள் உண்டு. 1.02 வந்தால் 1 என்று எடுத்துக்கொள்ளலாம், 1.5, 1.33, 1.25 போன்றவை பின்னங்கள், அவற்றை அசைக்கக் கூடாது. இரண்டையும் 2ஆல் பெருக்குங்கள். 2 : 3. இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன். சிவந்த துருவின் முக்கியப் பகுதி இந்த ஆக்சைடுதான், நீரோடு சேர்ந்து இருக்கும்.

விடை வந்த பிறகு

நடுவில் எண்களைச் சுருக்காதீர்கள், கால்குலேட்டரில் அப்படியே வைத்துக்கொண்டு கடைசியில் சுருக்குங்கள். தராசு 4.20 என்று மூன்று இலக்கம் காட்டினால் விடையையும் மூன்று இலக்கத்தில் எழுதினால் போதும். கால்குலேட்டர் காட்டும் பத்து இலக்கமும் உண்மையான அளவீடு அல்ல. மி.லி.யை லிட்டராக மாற்றினோமா என்று ஒரு பார்வை பாருங்கள். விடை ஆயிரம் மடங்கு தப்பியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஒரு பீக்கரில் 600 மோல் என்றோ, சில கிராம் பொருளில் வெறும் 40 மூலக்கூறு என்றோ வந்தால் எங்கோ பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறோம்.

கிடைத்த அளவைக் கணக்குப்படி கிடைக்க வேண்டிய அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் விளைச்சல் சதவீதம். 100க்குக் குறைவாக வருவது இயல்பு: வடிதாளில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், கரைசலில் கொஞ்சம் தங்கியிருக்கும். 100ஐத் தாண்டி வந்தால் மகிழ வேண்டாம். அணுக்கள் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் விளைபொருள் இன்னும் ஈரமாக இருக்கிறது. இல்லையென்றால், சமையல் சோடாக் கணக்கில் பார்த்தது போல வினைபுரியாத பொருள் கலந்திருக்கிறது. உலர்த்தி, மறுபடி எடை போட்டு, எடை மாறாமல் நிற்கும்போது கிடைக்கும் எண்ணைத்தான் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதலில் வந்த எண்ணை அழிக்காமல் மேலே ஒரு கோடு போட்டு அப்படியே விட்டுவையுங்கள். எவ்வளவு ஈரம் இருந்தது என்று பிறகு பார்க்க அது உதவும்.